பெட்டிக்குள் சொன்ன வார்த்தை

சங்கிலி சுற்றிப் பூட்டு விழுந்த சத்தம் கேட்டதும் அஸ்வினி வழக்கம்போல முழங்கால்களை நெஞ்சோடு இன்னும் கொஞ்சம் இறுக்கிக்கொண்டாள். இனி அதிக நேரம் இல்லை. அவளுடைய அக்கா கணவர் தங்கப்பாண்டி மந்திரக்கோலால் பெட்டியைத் தட்டுவார். முன்வரிசைப் பிள்ளைகளைப் பார்த்துக் கண்ணடிப்பார். பிறகு அந்த வார்த்தையைச் சொல்வார். மேடைப் பலகைக்கு அடியில் மல்லாந்து கிடக்கும் சுருளி அதைக் கேட்டுக் கொக்கியை இழுத்ததும் பெட்டியின் அடிப்பலகை சாயும். அவள் வழுக்கிக் கீழே இறங்கி, தவழ்ந்து, மேடையின் பின்பக்கம் வெளியேறி, கூட்டத்துக்குப் பின்னால் ஓடி ஒளிந்துகொள்வாள். பெட்டி காலி என்று காட்டிவிட்டு மச்சான் இரண்டாவது முறை வார்த்தையைச் சொன்னதும் எல்லாத் தலைகளும் திரும்பும். கடைசி வரிசையில் கையை ஆட்டிக்கொண்டு அவள் நிற்பாள். பெட்டிக்குள் போன பெண் கூட்டத்துக்குள் முளைத்துவிட்டாள் என்று சனம் கைதட்டும்.

அதோடு இன்றைய வேலை முடிந்தது. வாடிப்பட்டிப் பக்கத்துப் பள்ளி ஒன்றின் ஆண்டு விழா இது. வாசலிலேயே பஸ் நிற்கும். ஏறினால் மாலை வகுப்புக்குப் போய்விடலாம்.

போயே ஆக வேண்டும். பகலில் ஜெராக்ஸ் கடை வேலை, மாலையில் மொழிபெயர்ப்புப் பட்டய வகுப்பு என்றுதான் அவள் அவனியாபுரத்தில் அக்கா வீட்டில் தங்கியிருந்தாள். வகுப்பில் ஆளுக்கு ஒரு சொல்லை எடுத்துக்கொண்டு, அது எந்தெந்த மொழி வழியாக வந்தது, எங்கெங்கே என்ன பொருள் கொண்டது என்று பேச வேண்டும். அஸ்வினியின் முறை வந்தபோதெல்லாம் ஏதாவது ஒரு ஊரில் மேஜிக் ஷோ வந்து நின்றது. போன வாரம் சாருலதா மேடம் கோபப்படாமல்தான் சொன்னார்: "அஸ்வினி, வெள்ளிக்கிழமைதான் கடைசி. அன்னைக்கும் வரலைன்னா உங்க பேரை எடுத்துருவாங்க. என்னால ஒண்ணும் செய்ய முடியாது."

இன்று வெள்ளிக்கிழமை.

அவள் எடுத்திருந்த சொல் மச்சானின் சொல்தான். அதில்தான் சிக்கல். அந்த வீட்டில் அந்த வார்த்தையை யாரும் வாயால் சொல்வதில்லை. மேடையில் தங்கப்பாண்டி மட்டும் சொல்வார். வீட்டில் அது "அது". அக்கா மீனா, புருஷன் பெயரைச் சொல்லக் கூச்சப்படும் பழைய காலத்துப் பெண்களைப் போல, "அதைச் சொன்னப்ப கை தட்டுனாங்களா?" என்றுதான் கேட்பாள். "சொல்லிச் சொல்லித் தேச்சுட்டா மேடையில வேலை செய்யாது" என்பது தங்கப்பாண்டியின் கட்சி. ஒருநாள் அஸ்வினி குறிப்பெடுத்துக்கொண்டிருந்தபோது உதடு அசைவதைப் பார்த்துவிட்டு, "ஏ, வாய மூடு! புள்ள காதுல விழுந்துச்சுன்னா நாளெல்லாம் அதையே பாடிக்கிட்டுத் திரியும்" என்று பதறினார். அதனால் பேச்சை ஒத்திகை பார்க்கும்போதும் அந்தச் சொல் வரும் இடத்தில் அவள் மூச்சை விட்டுவிட்டுத் தாண்டிப் போவாள். வகுப்பில் மட்டும் அது வாயில் வந்துவிடுமா என்பது அவளுக்கே சந்தேகம்தான்.

கோல் பெட்டியைத் தட்டியது. அஸ்வினி கண்ணை மூடிக்கொண்டாள்.

வார்த்தை வரவில்லை. அதற்குப் பதிலாக வெளியே வேட்டுச் சத்தம் கேட்டது. பள்ளி பேண்டு வாத்தியம் முழங்கியது. தமிழாசிரியர் நல்லகாமனின் குரல் மைக்கில் ஏறியது: "வந்துவிட்டார்! வந்துவிட்டார்! நமது பள்ளியின் முன்னாள் மாணவர், அரிசி ஆலை அதிபர், கொடை வள்ளல் அழகுபாண்டி ஐயா அவர்கள் இதோ வந்துகொண்டே இருக்கிறார்!"

காலையிலிருந்து எல்லோரும் எதிர்பார்த்திருந்த சிறப்பு விருந்தினர் இந்த நேரம் பார்த்துத்தான் வந்து சேர்ந்தார்.

மச்சான் வித்தையை முடித்திருக்கலாம். வார்த்தையை ஒரு தரம் சொல்லியிருந்தாலே போதும். ஆனால் அவர் பெரிய மனிதர் ஒருவர் நடந்து வரும்போது அவரைப் பார்க்காமல் வித்தை காட்டுகிற ஆளில்லை. அது மரியாதைக் குறைவு. அதைவிட, பெரிய மனிதர் கையாலேயே முடித்தால் அடுத்த வருஷமும் கூப்பிடுவார்கள்.

"ஐயா, சரியான நேரத்துக்கு வந்தீங்க!" என்று தங்கப்பாண்டி குழைவது பெட்டிக்குள் தெளிவாகக் கேட்டது. "இந்தாங்க சாவி. உங்க கையாலதான் பெட்டியத் திறக்கணும்."

"பெட்டிக்குள்ள என்னய்யா இருக்கு?"

"பொண்ணு இருக்குங்கய்யா. ஆனா இருக்காது!"

கூட்டம் சிரித்தது. அழகுபாண்டியும் சிரித்தார். "அப்ப சாவி எங்கிட்டயே இருக்கட்டும். முதல்ல ரெண்டு வார்த்தை பேசிட்டு வந்துர்றேன்."

சாவி அவர் சட்டைப் பைக்குள் போயிருக்கும் என்று அஸ்வினி ஊகித்தாள். பிறகு பொன்னாடைகள் தொடங்கின. ஆசிரியர்கள் சார்பில், பெற்றோர் சார்பில், முன்னாள் மாணவர்கள் சார்பில் என்று ஒவ்வொன்றுக்கும் கைதட்டல் கேட்டது. யாரோ எதையோ இழுத்து வந்து பெட்டியின் பின்பக்கம் சாய்த்தார்கள். அந்தப் பக்கம் இருந்த காற்றுத் துளைகளின் வெளிச்சம் அப்படியே அணைந்தது. விருந்தினரை வரவேற்கும் பிளக்ஸ் பேனராகத்தான் இருக்க வேண்டும். அழகுபாண்டியின் சிரித்த முகம் அவள் முதுகுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு காற்றை அடைத்திருந்தது.

பெட்டி முதலில் மீனாவின் அளவுக்குச் செய்தது. அப்போது கொக்கி உள்ளேயேதான் இருந்தது. ஒருமுறை மீனா பயந்துபோய் வார்த்தைக்கு முன்பே திறந்துகொண்டு விழுந்துவிட்டாள். மறுநாளே தங்கப்பாண்டி பெட்டியை அவனியாபுரத்து வெல்டிங் பட்டறைக்குத் தூக்கிப் போய்க் கொக்கியை வெளியே மாற்றினார். குழந்தை பிறந்த பிறகு மீனா பெட்டிக்குள் அடங்கவில்லை. "இந்த சீசன் மட்டும் நீ வா, அஸ்வினி" என்றார் மச்சான். சீசன் முடிந்து அடுத்த சீசனும் வந்தது. சோறும் பாயும் அவர் வீட்டில். மாட்டேன் என்று சொல்வதற்கான வாக்கியத்தை அவள் பலமுறை எழுதிப் பார்த்திருக்கிறாள். ஒவ்வொன்றிலும் ஏதோ குறை தெரிந்து அடித்துவிடுவாள்.

"நான் சுருக்கமா முடிச்சுக்கிறேன்" என்று ஆரம்பித்தார் அழகுபாண்டி. "நான் படிச்ச காலத்துல இந்தப் பள்ளிக்கூடத்துக்கு ஓட்டுக் கூரை. மழை பெஞ்சா எங்கெங்க ஒழுகும்னு இன்னைக்கும் எனக்குத் தெரியும். முதல்ல மூணாம் வகுப்புல இருந்து வாரேன்…"

அஸ்வினியின் நெற்றியிலிருந்து வியர்வை இறங்கிக் கண்ணைக் கரித்தது. துடைக்கக் கையை எடுக்க இடமில்லை. இடது கால் மரத்துப் போய் வேறு யாருடைய காலோ மாதிரி இருந்தது. தட்டலாம். தட்டினால் பாதியிலேயே பெட்டியைத் திறந்து அவளைத் தூக்க வேண்டிவரும், வித்தை அத்தனை பேர் முன்னாலும் பாழாகும். அதன்பிறகு இந்தப் பக்கத்தில் ஒரு பள்ளியும் மச்சானைக் கூப்பிடாது.

அவள் அடிப்பலகையின் இடுக்கில் வாயை வைத்தாள்.

"சுருளி அண்ணே."

"ஏத்தா? மூச்சு இருக்கா?"

"கொக்கிய இழுங்கண்ணே. முடியல."

"வார்த்தை வரலையேம்மா."

"அவர் இப்பச் சொல்ல மாட்டாருண்ணே. மைக்கே அவர்கிட்ட இல்ல."

"பொறு, முடிச்சிருவாரு. மூணாம் வகுப்பு தாண்டிட்டாரு."

"பத்தாவது வரைக்கும் படிச்சாராம்ணே."

"நான் அழகர் மேல சத்தியம் பண்ணிருக்கேன், அஸ்வினி. உனக்குத் தெரியுமில்ல."

அவளுக்குத் தெரியும். உசிலம்பட்டித் திருவிழாவில் ஒரு வெடிச் சத்தத்தை அடையாளமாக நினைத்துச் சுருளி முன்கூட்டியே இழுத்துவிட்டார். தங்கப்பாண்டி அவரை ஊருக்கு முன்னால் வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டார். வேன் ஓட்டுவது, பெட்டி தூக்குவது, மேடைக்கு அடியில் கிடப்பது எல்லாமே சுருளிதான். அவ்வளவையும் செய்கிற மனிதர் அன்றைக்கு அழகர் கோயில் இருக்கும் திசையைப் பார்த்துக் கும்பிட்டு, "இனிமே வார்த்தை காதுல விழாம கொக்கியில கை வைக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டார். உயிரே போனாலும் வைக்க மாட்டார்.

"சுருக்கமாச் சொல்லணும்னா," என்றது ஒலிபெருக்கி, "நாலாம் வகுப்பு வாத்தியார் என் காதைத் திருகலைன்னா இன்னைக்கு எனக்கு ஆலை இல்ல."

அவள் பயத்தை அடக்க வழக்கமான வழியைப் பிடித்தாள். பேச்சை முதலிலிருந்து முணுமுணுக்கத் தொடங்கினாள். வணக்கம். நான் எடுத்துக்கொண்ட சொல்… அங்கே மூச்சை விட்டாள். ஏறக்குறைய ஆயிரத்து எண்ணூறு வருடங்களுக்கு முன்னால் மருத்துவத்தை லத்தீன் செய்யுளாக எழுதிய ஒருவரிடம் இந்தச் சொல் கிடைக்கிறது.

"என்னத்தா புலம்புற? மயக்கம் வருதா?"

"கிளாஸ்ல பேச வேண்டியதுண்ணே. மச்சான் சொல்ற அதைப் பத்திதான்."

"அதைப் பத்தியா? அதுல பேச என்ன இருக்கு? சாமி பேருதான அது?"

"யாருக்கும் உறுதியாத் தெரியாதுண்ணே. கிரேக்கத்துல தாயத்துக் கல்லுல அப்ராக்சஸ்னு ஒரு சாமி பேரு செதுக்கிருப்பாங்க, அதுல இருந்து வந்துச்சுன்னு சிலர் சொல்றாங்க. நீங்க சொல்றதும் அந்தக் கட்சிதான்."

"பாத்தியா! நமக்குத் தெரிஞ்சிருக்கு."

"முதல்ல அது வித்தைக்காரங்க வார்த்தையே இல்ல. காய்ச்சலுக்கு மருந்து."

"காய்ச்சலுக்கா? மாத்திரை மாதிரியா?"

"தாயத்து மாதிரி. வார்த்தைய முழுசா ஒரு வரி எழுதணும். அடுத்த வரியில கடைசி எழுத்தை விட்டுட்டு எழுதணும். அடுத்ததுல இன்னொண்ணு. இப்படியே குறைஞ்சு குறைஞ்சு கடைசில ஒரே எழுத்து நிக்கும். அதைக் காய்ச்சக்காரன் கழுத்துல கட்டிக்கணும். வார்த்தை குறையுற மாதிரி காய்ச்சலும் குறையும்னு நம்பிக்கை. லண்டன்ல கொள்ளைநோய் வந்தப்பக்கூட வீட்டுக் கதவுல எழுதி வெச்சாங்களாம்."

"அப்ப தேஞ்சாத்தான் வேலை செய்யுமா?" என்றார் சுருளி. "உங்க மச்சான் தேயக் கூடாதுன்னுல்ல பொத்திப் பொத்தி வெச்சிருக்காரு!"

இத்தனை நாள் குறிப்பெடுத்தும் இந்த இரண்டையும் அவள் ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாக வைத்துப் பார்த்ததில்லை. சுருளி கேலியாகத்தான் சொன்னார். அவளுக்கு அது கேலியாகப் படவில்லை.

"அர்த்தம் என்னம்மா அதுக்கு?"

"இதுதான்னு சொல்ல முடியாது. ஏசு காலத்துல அந்தப் பக்கம் பேசுன அரமேய மொழியில 'நான் சொல்லச் சொல்ல உண்டாகுது'ன்னு அர்த்தம்கிறாங்க. 'இந்தச் சொல் மாதிரியே மறைஞ்சு போ'ன்னும் சொல்றாங்க. ரெண்டையும் ஒத்துக்காதவங்களும் இருக்காங்க."

"நம்ம ஊர்ல இதுக்கு என்ன? சூ மந்திரக்காளியா?"

"அதையும் எழுதிருக்கேன். இந்தியிலயும் சூ மந்தர்னு இருக்கு. நாம கோழிய விரட்டுறப்பவும் சூ சூன்னுதான சொல்றோம்? ஆனா அது எல்லாம் ஒண்ணுதானான்னு எனக்குச் சந்தேகம்ணே. அதை விட்டுரலாமான்னு…"

காற்று போதவில்லை. பெட்டிக்குள் அவளுடைய சொந்த மூச்சே சூடாகத் திரும்பி முகத்தில் அடித்தது. கண்ணுக்கு முன்னால் பூச்சி பறந்தது. வெளியே அழகுபாண்டி ஆறாம் வகுப்புக்கு வந்திருந்தார். மச்சானின் சத்தமே இல்லை. ஓரத்தில் கையைக் கட்டிக்கொண்டு, நடுநடுவே தலையாட்டிக்கொண்டு நிற்பார். அவளை மறந்திருக்க மாட்டார். கெட்டவர் இல்லை, காய்ச்சல் என்றால் தானே இட்லி வாங்கி வந்து தருகிறவர். ஆனால் பெரிய மனிதர் பேசும்போது எப்படிக் குறுக்கிடுவது என்று தவித்துக்கொண்டு நிற்பார். பெட்டிக்குள் அவள் தவிப்பதும் கிட்டத்தட்ட அதற்குத்தான். மாட்டேன் என்று எப்படிச் சொல்வது என்று.

"அண்ணே, நீங்க என்னன்னு சத்தியம் பண்ணீங்க?"

"வார்த்தை காதுல விழாம கொக்கியில கை வைக்க மாட்டேன்னு."

"யார் சொல்ற வார்த்தைன்னு சொன்னீங்களா?"

கீழே சுருளி யோசிப்பது அவளுக்குக் கேட்காவிட்டாலும் தெரிந்தது. "அதை அவர் மட்டும்தானம்மா சொல்லுவாரு."

"சத்தியத்துல சொன்னீங்களாண்ணே?"

"சத்தியத்துல… இல்ல."

அஸ்வினி வாயைத் திறந்தாள். நாக்கு எழவில்லை. இவ்வளவு நெருக்கடியிலும் மச்சானின் பதறிய முகம்தான் கண்ணில் நின்றது. சொன்னால் தேய்ந்துவிடும். சொன்னால் அவர் பிழைப்பில் கை வைத்த மாதிரி. உச்சரிப்பு சரிதானா என்பதுகூட அவளுக்குத் தெரியாது. ஒருநாளும் சொல்லிப் பார்த்ததில்லை.

பிறகு இடுக்கில் வாயை வைத்து, இருந்த மூச்சை எல்லாம் சேர்த்துச் சொன்னாள்.

"அப்ரகடப்ரா."

கிழவி குரல் மாதிரி கரகரவென்று வந்தது. ஒரு கணம் ஒன்றும் நடக்கவில்லை. அப்புறம் கொக்கி உரசும் சத்தம். அடிப்பலகை சாய்ந்தது. அவள் சுருளியின் மார்பின் மேலேயே போய் விழுந்தாள்.

"எம்மா!" என்று முனகினார் சுருளி. "காதுல விழுந்துச்சு. அழகர் மன்னிக்கணும்."

மேடைக்கு அடியில் மண்ணும் கம்பும் பழைய செருப்புமாகக் கிடந்தன. அந்தக் காற்றை அஸ்வினி தண்ணீர் மாதிரி குடித்தாள். கால் உயிர் பெற்று ஊசி ஊசியாகக் குத்தியது. இருவரும் தவழ்ந்து பின்பக்கம் வந்தார்கள். சூரியன் மேற்கே இறங்கியிருந்தது.

"சரி, நீ கூட்டத்துக்குப் பின்னால போயி நில்லு," என்றார் சுருளி. "அவர் முடிச்சதும் மச்சான் பெட்டியத் திறந்து காட்டி ரெண்டாவது தடவை சொல்லுவாரு."

அஸ்வினி வேன் கதவைத் திறந்து பையை எடுத்தாள். சம்கி தைத்த சிவப்புக் கவுனின் மேல் துப்பட்டாவைப் போர்த்திக்கொண்டாள். "நான் கிளாஸுக்குப் போறேன்ணே."

"போறியா? அப்ப ரெண்டாவது வார்த்தைக்கு அங்க யாரு நிக்கிறது?"

"நீங்க நில்லுங்க."

"நானா?" சுருளி தன் மீசையைத் தொட்டுப் பார்த்தார். உடம்பெல்லாம் மண், லுங்கியில் ஒட்டடை. "ஏத்தா, உள்ள போனது நீ!"

"மாயம்தானண்ணே. எப்படி வேணும்னாலும் ஆகும்."

வாசலில் காத்து நின்றவளுக்கு, ஒலிபெருக்கி பத்தாம் வகுப்பைத் தாண்டி நன்றி சொல்லி முடித்த பிறகுதான் பஸ் ஆடி ஆடி வந்து நின்றது. ஏறிச் சன்னல் ஓரம் உட்கார்ந்தாள். நடத்துனர் அவளுடைய சம்கியைப் பார்த்துக்கொண்டே டிக்கெட் கிழித்தார். வண்டி கிளம்பிய நேரத்தில் பள்ளியிலிருந்து பெரும் சத்தம் எழுந்து வந்தது. சிரிப்பா, கூச்சலா என்று பிரித்தறிய முடியவில்லை. அதற்குள் பஸ் ஹாரன் அடித்து அதை அமுக்கிவிட்டது.

"நல்லா உக்காரும்மா, எடம்தான் கெடக்குல்ல," என்றாள் பக்கத்தில் பூக்கூடையோடு இருந்த பெண்.

அப்போதுதான் அஸ்வினி கவனித்தாள். சீட்டில் அவளையும் அந்தப் பெண்ணையும் தவிர யாரும் இல்லை. ஆனாலும் அவள் முழங்காலை மடக்கி, தோளைக் குறுக்கி, பெட்டி அளவுக்கே உட்கார்ந்திருந்தாள். காலை நீட்டினாள். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் அது மறுபடியும் மடங்கியிருந்தது.

சமயநல்லூர் தாண்டும்போது போன் அடித்தது. மச்சான். அடித்து ஓயட்டும் என்று விட்டாள். மறுபடி அடித்தது.

"எங்க இருக்க நீ?" மூச்சு வாங்கியது அவருக்கு.

"பஸ்ல, மச்சான்."

"பஸ்லயா? இங்க என்ன கூத்து நடந்துச்சு தெரியுமா? நான் அதைச் சொல்லிட்டுக் கையக் காட்டுறேன், அங்க சுருளி நிக்கிறான்! மீசையும் லுங்கியுமா! சனம் விழுந்து விழுந்து சிரிக்குது. அழகுபாண்டி ஐயா கையில சாவியோட நின்னுக்கிட்டு, 'ஏப்பா, பொண்ணு கெடைக்காத பயலுக்கெல்லாம் இந்தப் பெட்டியக் காட்டாத, உள்ள விட்டது ஒண்ணு, வர்றது ஒண்ணா இருக்கு'ங்கிறாரு!"

அவர் குரலில் சிரிப்பு இருக்கிற மாதிரி இருந்தது. அவளுக்கும் சிரிப்பு வந்தது.

"இரு. கொக்கிய யாரு இழுக்கச் சொன்னா? நான் முதல் தடவை சொல்றதுக்கு முன்னாடியே போயிட்டியாமே."

"நான்தான் சொன்னேன்."

"என்ன சொன்ன?"

"அதை."

ஓடிப்போனதைக்கூட அவர் மன்னித்துவிடுவார் போலிருந்தது. இதைத்தான் அவரால் விழுங்க முடியவில்லை.

"பெட்டிக்குள்ள காத்து இல்ல, மச்சான். பேனரச் சாய்ச்சு வெச்சுட்டாங்க."

"அய்யய்யோ," என்றார் மெதுவாக. பிறகு, "தட்டிருக்கலாம்ல?"

"தட்டக் கூடாதுன்னு நீங்கதான சொன்னீங்க."

அவர் பேச்சை மாற்றினார். "நாளைக்குத் திருமங்கலத்துல ஷோ. பெட்டிக்குள்ள யாரு?" என்று கேட்டார்.

எத்தனையோ முறை எழுதி அடித்த வாக்கியம் ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. "நான் வரல, மச்சான்," என்றாள். அவ்வளவு சின்னதாக இருந்தது அது. அவர் போனை வைக்கும்வரை காத்திருந்து, வைத்த பிறகும் காதிலேயே பிடித்துக்கொண்டிருந்தாள்.

ஆரப்பாளையத்தில் இறங்கி ஷேர் ஆட்டோ பிடித்து வகுப்பறை வாசலுக்கு வந்தபோது யாரோ பேசி முடித்து உட்கார்ந்துகொண்டிருந்தார்கள். சாருலதா மேடம் அவளை ஏற இறங்கப் பார்த்தார். துப்பட்டா நழுவி, சம்கி குழல்விளக்கில் மின்னியது. முழங்காலில் மண்.

"வாங்க. தண்ணி குடிச்சிட்டு ஆரம்பிங்க," என்றார்.

பையில் போன் அதிர்ந்தது. அக்காவின் செய்தி: ராத்திரி சாப்பிட வருவேல்ல? அவர் ஒரு மாதிரி இருக்காரு. அஸ்வினி அதைப் படித்தாள். போனைப் பைக்குள் போட்டுவிட்டுக் கரும்பலகைக்குப் போய்ச் சுண்ணாம்புக்கட்டியை எடுத்தாள்.

"நான் எடுத்துக்கொண்ட சொல், அப்ரகடப்ரா," என்றாள். இந்த முறை குரல் அவளுடையதாகவே இருந்தது. பின்பெஞ்சில் யாரோ சிரித்தார்கள்.

சொல்லை முழுசாக ஒரு வரி எழுதினாள். அதற்குக் கீழே கடைசி எழுத்தை விட்டுவிட்டு அடுத்த வரி. அதற்குக் கீழே இன்னொன்று. சுண்ணாம்புத் தூள் சிவப்புக் கவுனில் கொட்டிக்கொண்டிருந்தது. வரி குறையக் குறைய அவள் குனிய வேண்டியிருந்தது. கடைசியில் தனியாக ஓர் "அ" மட்டும் எழுதிவிட்டு நிமிர்ந்தாள்.